சைலன்ஸரில் போட்ட ஓட்டை

ரம்பம் மறுபடியும் மரத்துக்குள்ளேயே திணறி நின்றது. காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை ரீனோ விட்டுவிட்டான். எண்ணினால் ரத்தக் கொதிப்பு ஏறும். ஏற்கெனவே கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தரையில் சாய்ந்து கிடந்த மேப்பிள் மரம் முக்கால்வாசி அறுபட்டிருந்தது. மீதியை அறுக்க மாட்டேன் என்று சங்கிலி ரம்பம் அடம்பிடித்தது. சங்கிலிப் பல்லையெல்லாம் அரம் போட்டுத் தீட்டியாயிற்று. காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தாயிற்று. ப்ளக்கைக் கழற்றி மாட்டியாயிற்று. நாலு வசவும் கொடுத்துப் பார்த்தாயிற்று. இளம் மரம் என்றால் சமர்த்தாக அறுத்தது. பெரிய மரத்தில் வைத்தால் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. அமெரிக்காவின் வடக்கு மெய்னில் அடுத்த வருஷத்து அடுப்புக்கான விறகை இந்த வருஷம் பனி விழுவதற்குள் வெட்டி, வெளியே கொண்டுவந்து காயப் போட்டாக வேண்டும். ரீனோவின் பிழைப்பே அதுதான். பாதி ஊர் அவனிடம் விறகுக்குச் சொல்லி வைத்திருந்தது. விறகோ இன்னும் மரமாகவே நின்றுகொண்டிருந்தது.

வெட்டுவது ஒரு பாடு என்றால் வெளியே கொண்டுவருவது இன்னொரு பாடு. ரீனோவின் காட்டுத் துண்டுக்குச் சொந்த வழி கிடையாது. பின்பக்கம் முழுக்கச் சதுப்பு. முன்பக்கம் எல்வுட் என்ற கிழவரின் புல்வெளி. அதன் ஓரமாகப் போகும் வண்டித் தடம்தான் ஒரே வழி. அதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. வருஷா வருஷம் பனிக்கு முன்னால் ரீனோ எல்வுட் வீட்டுச் சமையலறையில் போய் உட்காருவான். மழை, மரத்தின் விலை, தன் இடுப்பு வலி, மாமியாரின் குணம் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் இந்த வருஷமும் வழி விட வேண்டும் என்று கேட்பான். எல்வுட் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ம்" என்பார். கையை நீட்டுவார். கை குலுக்கிவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் வழி உண்டு. இந்த வருஷத்துக் கைகுலுக்கல் இன்னும் நடக்கவில்லை.

எல்வுட் இங்கிலீஷ்கார வம்சம். அந்த மண்ணில் மூன்று தலைமுறையாக ஆடு வளர்த்தவர்கள். ரீனோ பிரெஞ்சுக்கார வம்சம். எல்வுட் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ரீனோ நாலு வார்த்தைக்கு நடுவில் ஒரு தடவை மூச்சு விட்டால் அதிகம்.

வாரத்தில் இரண்டு மூன்று தடவை எல்வுட் தடியை ஊன்றிக்கொண்டு மேட்டின் மேல் வேலி வரைக்கும் ஏறி வருவார். ரீனோவைப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். எல்லைக் கோட்டைத் தாண்டித் தன் மரத்தில் கை வைக்கிறானா என்று கிழவர் வேவு பார்க்கிறார் என்பது ரீனோவின் தீர்மானம். அதனாலேயே பத்து வருஷமாகக் கோட்டுப் பக்கமே போகாமல் வெட்டிவந்தான். கோட்டுப் பக்கம் நின்ற மரங்கள்தான் நல்ல மரங்கள் என்பது அவன் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீனோவின் மனைவி கார்மல் தோசைக்கல்லில் ப்ளோய் என்கிற பிரெஞ்சுக்காரத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் லூட்ஜர் மேஜையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிச் சுருட்டிச் சுருட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். லூட்ஜருக்கு ஊர் கராஜில் வேலை. கையில் எந்த என்ஜின் கிடைத்தாலும் அதற்கு இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றாமல் விடமாட்டான். ரம்பத்தின் கதையைக் கேட்டதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கார்மல் அதைப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"சங்கிலி இல்ல மாப்ளே, ப்ளக்கும் இல்ல. கம்பெனிக்காரன் மூக்கைப் பொத்தித்தான் விக்கிறான்," என்றான் லூட்ஜர்.

"யார் மூக்கை?"

"ரம்பத்தோட மூக்கைத்தான். இந்த சைலன்ஸரைப் பாரு. உள்ள எரிஞ்ச புகை வெளிய போக இத்துனூண்டு ஓட்டை. போதாததுக்கு அதுல ஒரு வலை வேற. நீ போர்வையை முகத்துல சுத்திக்கிட்டு மலை ஏறுவியா? அதைத் திறந்து விட்டா இது வேற ரம்பம்."

"போன வருஷம் புல்லு வெட்டுற மெஷினைத் திறந்து விட்டியே அண்ணா, அது இப்ப எங்க இருக்கு?" என்று கார்மல் கேட்டாள்.

அது வேறு விஷயம் என்றான் லூட்ஜர். அது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைப் பிளந்துகொண்டு போய் நின்றது ரீனோவுக்குத் தெரியும். ஆனால் பாதி அறுபட்ட மேப்பிள் கண்ணுக்குள் நின்றது. சரி என்று சொல்லிவிட்டான்.

லூட்ஜர் சைலன்ஸரைக் கழற்றினான். வலையைப் பிடுங்கித் தோளுக்குப் பின்னால் எறிந்தான். ஓட்டையைக் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகலமாக்கினான். பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டு, அதில் ஒரு துண்டுக் குழாயை வைத்து வெல்டிங் செய்தான். புகை சுலபமாகப் போனால் என்ஜின் காற்றை அதிகமாக இழுக்கும், அதற்கேற்ற பெட்ரோல் கொடுக்காவிட்டால் பிஸ்டன் வெந்துவிடும் என்று பிரசங்கம் செய்தபடி கார்புரேட்டர் திருகையும் திருப்பி வைத்தான். திருகு அளவுக்கு மேல் திரும்பாமல் கம்பெனி மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் பிய்த்துப் போட்டான். அந்த மூடியைத் தேடி இரண்டு பேரும் தரையில் தவழப்போகிற நாள் தூரத்தில் இல்லை.

முற்றத்தில் ரம்பத்தைக் கிளப்பினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாய் வண்டிக்கு அடியில் போனது; அப்புறம் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. கார்மல் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். ரம்பம் நின்ற பிறகு அதையே திருப்பிச் சொன்னாள்.

"ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டு ஆரம்பிச்சிருக்கலாம்."

திங்கட்கிழமை காட்டில் அந்த ரம்பம் செய்த வேலையை ரீனோ ஆயுசுக்கும் மறக்கமாட்டான். நின்றுபோன மேப்பிளை எடுத்த எடுப்பில் முடித்தது. மரத்தூள் பூட்ஸுக்கு மேல் குவிந்தது. ஒரு வாரமாகத் தண்ணி காட்டிய மரங்களெல்லாம் மத்தியானத்துக்குள் துண்டு துண்டாகக் கிடந்தன. சத்தம் காதுக் கவசத்தையும் தாண்டிப் பல் வரைக்கும் இறங்கியது என்பது உண்மைதான். ஆனால் ஜெயிக்கிறவனுக்குப் பல்லா பெரிசு? ரீனோ தனக்குத்தானே பாட்டுப் பாடிக்கொண்டான். அது அவனுக்கே கேட்கவில்லை.

பெட்ரோல் ஊற்ற மேட்டு ஓரம் வந்தபோதுதான் கீழே பார்த்தான். எல்வுட் தன் வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீனோ கையை ஆட்டினான். எல்வுட் ஆட்டவில்லை.

மறுபடி வந்து பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றார். சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலி வரைக்கும் ஏறி வரவே இல்லை. மேலே வந்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்காத அளவுக்குக் கிழவருக்குக் கோபம் என்று புரிந்துகொண்டான்.

மறுநாள் வண்டிக்குத் திரும்பியபோது பின்பலகையில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே இஞ்சி பிஸ்கட். எல்வுடின் மனைவி ஈனிட் சுட்டது என்பதில் சந்தேகமில்லை. சர்ச் விருந்தில் அதே பிஸ்கட்டைத்தான் கொண்டுவந்து வைப்பாள். சீட்டுக் கீட்டு எதுவும் இல்லை.

ரீனோ டப்பாவை ஏதோ வெடிகுண்டு மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். லூட்ஜர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"முடிஞ்சுது மாப்ளே. இங்கிலீஷ்காரங்க கோவத்தைப் பலகாரத்துலதான் ஆரம்பிப்பாங்க. மின்கம்பம் நட வந்தானே ஒருத்தன், அவனுக்கு முதல்ல ஒரு பாட்டில் ஜாம் குடுத்தாங்க. மறுநாள் வக்கீல் கடுதாசி குடுத்தாங்க."

கார்மலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிஸ்கட் என்றால் பிஸ்கட்தான், வேண்டுமானால் நேரே போய்க் கேட்டுவிடு என்றாள். நேரே போய்க் கேட்பதா? வழிக்கு இன்னும் கைகுலுக்கவில்லை. இந்த நேரத்தில் போய், ஐயா என் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா என்று வாயைக் கொடுத்தால், ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறாரோ என்னவோ. கேட்பதற்குள் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று ரீனோ முடிவு கட்டினான்.

முதல் வைத்தியம் கார்மலின் சமையலறையிலிருந்து வந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, புதுக் குழாய்க்குள் திணித்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியது. அரை மணி நேரம் அடங்கியது. அதற்குள் நார் பழுத்துச் சிவந்து, துண்டு துண்டாகப் பறக்க ஆரம்பித்தது. தீப்பொறியைத் தடுக்கிற வலைதான் லூட்ஜரின் தோளுக்குப் பின்னால் போய்விட்டதே. காய்ந்த இலைச் சருகில் ஒன்று விழுந்து புகைந்தது. ரீனோ ரம்பத்தைப் போட்டுவிட்டு மிதித்தான். பிளாஸ்கில் இருந்த காப்பியை ஊற்றினான். அது போதாமல், பிறந்தநாளுக்கு கார்மல் வாங்கிக் கொடுத்த சட்டையைக் கழற்றி அடித்தான். ஒரு வழியாக அணைந்தது.

நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் எல்வுட் நிற்கிறார்.

மேடு ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் தீரவில்லை. ரீனோவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். புகையையும் பார்த்தார். பனியனோடு நின்ற ரீனோ, இது சின்ன விஷயம், காப்பியிலேயே அணைந்துவிட்டது, இனிமேல் நடக்காது, வேண்டுமானால் நாளையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கொட்டித் தீர்த்தான்.

"ம்," என்றார் எல்வுட். திரும்பி இறங்கிப் போனார்.

சத்தத்தோடு இப்போது நெருப்பும் சேர்ந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாடு ரீனோவுக்கு இறங்கவில்லை. கருகிய சட்டையைப் பார்த்த பிறகு கார்மல் பரிமாறவும் இல்லை.

இரண்டாவது வைத்தியம் லூட்ஜருடையது. திறந்த சைலன்ஸருக்கு மேல் இன்னொரு சைலன்ஸர் மாட்டிவிட்டால் சத்தம் போய்விடும், பலம் போகாது என்றான். தக்காளி டின் ஒன்றை எடுத்து, உள்ளே மூன்று தகட்டுத் தடுப்பு வைத்துப் பற்றவைத்தான். பார்ப்பதற்கு ரம்பம் கர்ப்பமாக இருப்பது போலிருந்தது. சத்தம் போயிற்று என்பது மெய். கூடவே பலமும் போயிற்று. முன்பு கம்பெனிக்காரன் மூக்கைத்தான் பொத்தினான்; லூட்ஜர் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டான். சூடு வெளியே போக வழியில்லாமல் ரம்பம் கொதித்தது. ஒரு துண்டு அறுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து அது ஆறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரீனோ அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அதற்குத் தொப்பியால் விசிறினான்.

அவன் உட்கார்ந்து விசிறும்போதெல்லாம் எல்வுட் வந்து நின்றார். முன்பு வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறியவர் இப்போது ஒரே நாளில் அத்தனை தடவை ஏறினார். வந்தார், பார்த்தார், "ம்" என்றார், போனார். ஒவ்வொரு தடவையும் மூச்சு முன்னைவிட மோசமாக இரைத்தது. முகம் முன்னைவிடக் கடுகடுத்தது. ரீனோ எல்லைக் கோட்டில் இருந்த மரத்துக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டி, இந்தப் பக்கம் நான் வரவே மாட்டேன் என்று ஜாடையிலும் காட்டினான். கிழவர் நாடாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை வண்டித் தடத்தின் வாயில் குறுக்கே ஒரு நீளக் கம்பம் கிடந்தது. ஒரு முனையில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

ரீனோ வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் வெட்டிய மரமெல்லாம் உள்ளே கிடக்கிறது. இந்தக் கம்பம் நிலைத்துவிட்டால் ஜனவரியில் சதுப்பு உறைகிற வரைக்கும் ஒரு குச்சி வெளியே வராது. அதற்குள் ஊர்க்காரர்கள் வேறு ஆளிடம் விறகு வாங்கிக்கொள்வார்கள். ஒரு தடவை போன வாடிக்கை திரும்பாது. அவனுக்கு அழுகையாக வந்தது. அழுகையை விழுங்கிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினான்.

எல்வுட் சாவியோடு வந்தார். பூட்டைத் திறந்தார். வண்டி உள்ளே போனதும் மறுபடி பூட்டினார். சாயங்காலமும் அப்படியே: திறந்தார், ரீனோவை மேலும் கீழும் பார்த்தார், பூட்டினார். இரண்டு தடவையும் ரீனோ மன்னிப்புக் கேட்டான். எதற்கு என்று தெளிவாகச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டு வைத்தான்.

"ஜெயில்ல கூட இப்படி ஆளை எண்ணி அனுப்ப மாட்டாங்க," என்று வீட்டில் வந்து குமுறினான். "இன்னிக்குச் சாவியோட வந்தாரு. நாளைக்கு வர மாட்டாரு பாரு."

கார்மலுக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. பேசாமல் ரம்பத்தைக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிவிடு, முன்பு அவர் பூட்டுப் போடவில்லையே என்றாள். அது புத்தியான யோசனையாகத்தான் பட்டது. ரீனோ டவுனுக்குப் போய்ப் புது சைலன்ஸர் வாங்கிவந்து மாட்டினான். ஆனால் கார்புரேட்டர் திருகு பெரிய ஓட்டைக்காகத் திருப்பி வைத்தபடியே இருந்தது. சின்ன ஓட்டை அவ்வளவு பெட்ரோலைத் தாங்கவில்லை. ரம்பம் கறுப்பாகப் புகைந்தது, இருமியது, நின்றது. முதலில் எங்கே இருந்ததோ அங்கே திருப்பி வைக்கலாம் என்றால், எங்கே இருந்தது?

"எவ்வளவு திருப்பினோம்னு உனக்கு ஞாபகம் இருக்கா மாப்ளே?"

"திருப்பினது நீ."

"பாத்துக்கிட்டிருந்தது நீ."

இரண்டு பேரும் பட்டறைத் தரையில் தவழ்ந்து பிளாஸ்டிக் மூடியைத் தேடினார்கள். மூடி இருந்தாலாவது அடையாளம் தெரியும். போன வாரம் தொலைத்த ஸ்பானர் கிடைத்தது. நாய்க்குட்டியாக இருந்தபோது நாய் ஒளித்து வைத்த செருப்பு கிடைத்தது. மூடி கிடைக்கவில்லை. ரீனோ அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டான். பூட்டு, கிழவர், ரம்பம், மச்சான், கம்பெனி எல்லாரையும் வரிசையாகத் திட்டினான். லூட்ஜர் தன் முறை வந்தபோது மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, வெளியே போய்த் தன் வண்டியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்தான். பிரித்தால் உள்ளே ஒரு பேட்டரி ரம்பம்.

"வேலிச் செடிக்காக வாங்கினது. பெரிய மரமும் அறுக்கும், மெதுவா. சத்தமே வராது, தையல் மெஷின் மாதிரி," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "இதை என்கிட்ட பாத்ததா வெளிய சொல்லிடாதே மாப்ளே. கராஜ்ல என் மானம் போயிடும்."

மறுநாள் காலை எல்வுட் பூட்டைத் திறந்துவிட, ரீனோ உள்ளே போனான். அன்றுதான் முதல் தடவையாகத் தன் காட்டில் பறவை கத்துவதைக் கேட்டான். ரம்பம் மெதுவாகத்தான் அறுத்தது, ஆனால் அறுத்தது. ஒரு மரம் முடிந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போது மேட்டு ஓரம் வந்து கீழே எட்டிப் பார்த்தான். வராந்தா காலியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கிழவர் சமாதானமாகி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நாளைக்கே போய்க் கையைக் குலுக்கிவிடலாம் என்று நினைத்தான். பல நாளாக இல்லாத பசி எடுத்தது. கார்மல் கட்டிக் கொடுத்த பன்றிக்கறி ரொட்டியை முழுக்கத் தின்றான். இளவெயில் இலைச் சருகின் மேல் விழுந்து சூடேறியிருந்தது. தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, கை காலை நீட்டி, ஐந்து நிமிஷம் என்று படுத்தான்.

விலாவில் ஏதோ குத்தியது. மறுபடி குத்தியது. ரீனோ தொப்பியைத் தள்ளிவிட்டு அலறிக்கொண்டு எழுந்தான்.

எதிரே எல்வுட். தலையில் தொப்பி இல்லை. சட்டைப் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. எங்கேயோ விழுந்து எழுந்து வந்திருக்கிறார். வெளுத்துக் கிடந்த முகம் ரீனோ எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் குபுகுபுவென்று சிவந்தது.

பிறகு அவர் கண் பேட்டரி ரம்பத்தில் விழுந்தது. அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசையை அழுத்தினார், அது தையல் மெஷின் மாதிரி ஓடியது. காதருகே கொண்டுபோய் இன்னொரு தடவை அழுத்தினார். அடுத்த நிமிஷம் சதுப்பின் ஓரத்துக்கு விறுவிறுவென்று நடந்துபோய், அந்த வயசில் எங்கிருந்துதான் பலம் வந்ததோ, தலைக்கு மேல் சுழற்றி வீசினார். சேறு ஒரு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டது.

ரீனோவுக்குப் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. எல்வுட் ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எழுந்தார். மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

பேச்சு திரும்பி வந்தபோது மொத்தமாக வந்தது. வழி போனால் போகட்டும், விறகு அழுகினால் அழுகட்டும், இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று ரீனோ வண்டியைக்கூட எடுக்காமல் புல்வெளியில் இறங்கி ஓடினான். வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போய் நின்றான். எல்வுட் மேஜையருகே உட்கார்ந்து சேற்றுக் காலுறையை உருவிக்கொண்டிருந்தார். ஈனிட் அடுப்படியில் இருந்தாள்.

ரீனோ ஆரம்பித்தான். கம்பி நாரில் தொடங்கி, கருகிய சட்டைக்குப் போய், தக்காளி டின், புது சைலன்ஸர், சாக்கு மூட்டை எல்லாம் சொன்னான். உங்களுக்காகத்தானே சத்தத்தைக் குறைத்தேன், உங்களுக்காகத்தானே தையல் மெஷினை வைத்து மரம் அறுத்தேன் என்றான். அடுத்தவன் ரம்பத்தைச் சேற்றில் எறிய நீங்கள் யார் என்று கேட்டான். பத்து வருஷமாகக் கோட்டோரத்து மரத்தைத் தொடாத கதையையும், அங்கேதான் நல்ல மரம் இருக்கிறது என்பதையும் சொன்னான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"உங்க வழியும் வேணாம், உங்க பிஸ்கட்டும் வேணாம். இந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் நான் இனிமே வந்து நிக்கப்போறதில்ல. நான் சதுப்பு உறையற வரைக்கும் காத்திருந்துக்கிறேன். போதுமா?"

எல்வுட் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார். கையை நீட்டினார்.

பத்து வருஷத்துப் பழக்கம் ரீனோவின் கையைத் தானாக நீட்ட வைத்தது. எல்வுட் அதைப் பிடித்து எப்போதையும்விடப் பலமாகக் குலுக்கினார். விடவே மனமில்லாதவர் போலக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டும் இருந்தார். அடுத்த வருஷம் வரைக்கும் வழி கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னவனுக்குக் கிடைத்துவிட்டது. ரீனோவுக்குத் தலை சுற்றியது. கையை உருவிக்கொண்டு ஈனிட் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. சத்தம் போட்டா வராந்தாவுல நின்னு முறைக்கிறாரு. சத்தத்தை அடக்கினா பூட்டுப் போடுறாரு. சத்தமே இல்லாம பண்ணினா தூக்கிச் சேத்துல எறியிறாரு. தொந்தரவா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே நிறுத்தியிருக்க மாட்டேனா?"

ஈனிட் காப்பியை அவன் முன்னால் வைத்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அவர் எதிரிலேயே, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"காது கேக்காத மனுஷனுக்குச் சத்தம் என்ன தம்பி தொந்தரவு? காட்டுல ஒத்தையா மரம் வெட்டுறவன் உசிரோட இருக்கானா, மரத்துக்கு அடியில கெடக்குறானான்னு பாக்கத்தான் பத்து வருஷமா அந்த மேட்டுல ஏறி எறங்குறாரு. இந்த வருஷம்தான் வீட்டுல நின்னபடியே உங்க சத்தம் அவர் காதுல விழுந்துச்சு, அதையும் போய் அடைச்சிட்டீங்களே."